சொராரிட்டி சாப்டரின் ஓராண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரியில் மகளைச் சேர்த்துவிட்ட பெற்றோர் கேட்பவை பாதி. ஆகஸ்ட் மாதம் ஃபோனைத் திறந்தால் ஒரே நிற உடையில் நூறு பெண்கள் வாசலில் கைதட்டிப் பாடுவதைப் பார்த்துவிட்டு, ‘இது என்ன கூத்து?’ என்று கேட்பவர்களுடையவை மீதி. ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில், சொந்த வீடும் சுமார் 150 உறுப்பினர்களும் உள்ள சாப்டரை, அதாவது மாணவிகள் சங்கமான சொராரிட்டியின் கிளையை, மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறோம். கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

சொராரிட்டி என்பது விடுதியா, சங்கமா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட தேசிய அமைப்பு ஒன்று இருக்கும். ஒவ்வொரு கல்லூரியிலும் அதன் கிளை சாப்டர். தலைமையகம் விதிகளும் காப்பீடும் தருகிறது, அன்றாடத்தை நடத்துவது 19, 20 வயது மாணவிகள்தான். வீடு இருந்தால் அதைப் பெரும்பாலும் முன்னாள் உறுப்பினர்களின் வீட்டு நிறுவனம் வைத்திருக்கும்.

பழைய அமைப்புகள் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆல்ஃபா டெல்டா பை 1851-ல் ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், அடெல்ஃபியன் சங்கம் என்ற பெயரில் தொடங்கியது. கிரேக்க எழுத்துப் பெயரோடேயே பிறந்தவை 1870-ல் வந்த காப்பா ஆல்ஃபா தீட்டாவும் காப்பா காப்பா காமாவும். ‘சொராரிட்டி’ என்ற சொல்லை 1882-ல் சிரக்யூஸ் பல்கலைக்கழக லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, காமா ஃபை பீட்டாவுக்காக உருவாக்கிக் கொடுத்தார். அதற்கு முந்தைய பெண்கள் அமைப்புகள் சிலவற்றின் சட்டப் பெயரில் இன்றும் ‘ஃபிரட்டர்னிட்டி’ (ஆண்கள் சங்கத்தைக் குறிக்கும் சொல்) என்றே இருப்பது அதனால்தான். சொராரிட்டிகளின் கூட்டமைப்பாக 1902-ல் உருவான தேசிய பான்ஹெலெனிக் மாநாட்டில் இப்போது 26 அமைப்புகள் இருக்கின்றன. ரஷ் எனும் புதிய உறுப்பினர் சேர்க்கையின் விதிகள் அங்கிருந்துதான் வருகின்றன.

சாப்டருக்கு ஆண்டு எப்போது தொடங்குகிறது?

உறுப்பினருக்கு ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். நிர்வாகிகளுக்கு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஆண்டின் மிகப் பெரிய வேலையான ரஷ், ஒரு நிர்வாகக் குழுவின் எட்டாவது மாதத்தில் விழட்டும், அதற்குள் பழகிக்கொள்வார்கள் என்பதுதான் கணக்கு. வர்ஜீனியா பல்கலைக்கழகம் போல ஜனவரியில் ரஷ் நடத்தும் இடங்களில் இந்தக் கணக்கு குப்புற விழும். பொறுப்பேற்ற கையோடு புதியவர்கள் ரஷ்ஷை நடத்த வேண்டும், அல்லது பழைய குழு ரஷ் முடியும்வரை நீடிக்க வேண்டும்.

ரஷ் வாரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது?

தெற்கத்திய கல்லூரிகளில் வகுப்பு தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் வெயிலில் நடக்கும். நான்கு சுற்றுகள். முதல் சுற்றில் எல்லா வீடுகளுக்கும் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் 20 முதல் 30 நிமிடம். இரண்டாவது சுற்றில் அந்த அமைப்பின் தொண்டுப் பணி பற்றிய பேச்சு. மூன்றாவது சகோதரித்துவச் சுற்று. கடைசியாக ‘பிரெஃபரன்ஸ்’: அதிகபட்சம் இரண்டே வீடுகள், முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பேசலாம், குரல்கள் தணிந்திருக்கும், சில சமயம் கண்ணீரும் வரும்.

கதவு திறந்ததும் நிலைப்படி நிறையத் தலைகள் அடுக்கப்பட்டுப் பாடும் காட்சிதான் வீடியோவில் வருவது. வேலை அதற்குப் பிறகுதான். ஒரு மாணவி உங்களைக் கைப்பிடித்து உள்ளே அழைத்துப் போய் ஏழெட்டு நிமிடம் பேசுவாள். பேச்சின் நடுவில் இன்னொருத்தி வந்து தோளருகே நிற்பாள். முதலாமவள், ‘இவள் கொலராடோவிலிருந்து வந்திருக்கிறாள், மலையேறுவாளாம்’ என்று ஒரே வரியில் கைமாற்றிவிட்டு நழுவுவாள். இதற்கு ‘பம்ப்’ என்று பெயர். யார் யாரை எப்போது விடுவிப்பது என்று மூவர் மூவராக வரைபடம் போட்டு, ஒரு வாரம் முன்பே ஒத்திகை பார்த்திருப்பார்கள். நழுவியவள் சமையலறைக்கு ஓடி, பேசியவளைப் பற்றிய குறிப்பையும் மதிப்பெண்ணையும் செயலியில் ஏற்றுவாள்.

சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, பம்ப் சங்கிலி அறுந்து வந்த பெண் தனியாக நிற்பது. அரை நிமிடம்தான் நின்றிருப்பாள், ஆனால் மாலையில் பட்டியல் போடும்போது அதுதான் நினைவுக்கு வரும். இரண்டு, ஒரே நாளில் பத்து அணிகளைச் சந்தித்தபின் குறிப்புகள் எல்லாம் ‘ரொம்ப ஸ்வீட்’ என்றே இருப்பது. அந்த இரண்டு சொல்லை வைத்து நள்ளிரவில் யாரையும் பிரித்தறிய முடியாது. ஆளுக்கு ஒரு கெட்டியான விவரம், நாயின் பெயராக இருந்தாலும் சரி, எழுத வேண்டும் என்று உறுப்பினர் சேர்க்கைத் தலைவி தலையில் அடித்துக்கொண்டு சொல்வது இதற்காகத்தான்.

பேசக் கூடாதவை என்று எழுதப்படாத ஒரு பட்டியல் உண்டு: காதலன், குடி, பணம், மதம், அரசியல். மிச்சம் என்ன என்று கேட்கிறீர்களா? படிப்பு, ஊர், டிவி தொடர், சாப்பாடு, நாய். மிச்சத்தை வைத்துத்தான் வாரம் ஓடுகிறது.

யாரை எந்த வீட்டுக்கு அனுப்புவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

இரு தரப்பும், நடுவில் கணினியும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாணவி தனக்குப் பிடித்த வீடுகளை வரிசையில்லாமல் குறிப்பாள், மீதியைத் தரவரிசைப்படுத்துவாள். சாப்டரும் தன் பட்டியலைக் கொடுக்கும். எத்தனை பேரை மறுபடி அழைக்கலாம் என்பதைச் சாப்டர் நினைத்தபடி வைத்துக்கொள்ள முடியாது. முந்தைய ஆண்டுகளில் அழைத்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதை வைத்து ஒரு கணக்கு முறை அந்த எண்ணைக் கொடுக்கும். அதனால், கூட்டம் மொய்க்கும் வீடு முதல் சுற்றிலேயே நிறையப் பேரை விட வேண்டிவரும். ‘எல்லாரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்களே, ஏன் அழைக்கவில்லை?’ என்ற அழுகைக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

கடைசி இரவு மாணவி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவாள். அதில் எந்தெந்த வீட்டை எழுதுகிறாளோ, அவற்றில் எது கிடைத்தாலும் அது அவளைக் கட்டுப்படுத்தும். கிடைத்தபின் வேண்டாம் என்றால் அந்தக் கல்லூரியில் அடுத்த ஆண்டின் பிரதான ரஷ் வரும்வரை வேறு பான்ஹெலெனிக் சொராரிட்டியில் சேர முடியாது. இடங்களின் எண்ணிக்கை ‘கோட்டா’. தோராயமாகச் சொன்னால், கடைசிச் சுற்றில் 600 பேரும் 10 வீடுகளும் இருந்தால் வீட்டுக்கு 60.

இங்கே செய்யக் கூடாத தவறு ஒன்று இருக்கிறது. இரண்டு வீடுகளுக்குப் போய்விட்டு ஒன்றை மட்டும் எழுதுவது. இரண்டையும் எழுதியவருக்கு எங்கேயாவது இடம் கிடைக்க, கோட்டாவுக்கு மேலும் சேர்க்கும் வழி இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுதியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ‘இது இல்லாவிட்டால் எதுவும் வேண்டாம்’ என்று உண்மையிலேயே நினைப்பவர் மட்டும் அப்படி எழுதலாம். கோபத்தில் எழுதக் கூடாது.

ரோ காமா என்பவர்கள் யார்?

ரஷ் நேரத்தில் தன் சாப்டர் எது என்பதை மறைத்துக்கொண்டு, புதிய மாணவிகளுக்கு வழிகாட்டும் மூத்த மாணவிகள். சில கல்லூரிகளில் ‘பை கை’ (Pi Chi) என்பார்கள். தண்ணீர், பிளாஸ்திரி, மின்விசிறி, காது கொடுத்துக் கேட்கும் ஆறுதல் எல்லாம் அவர்கள் பையில் இருக்கும். எந்தக் கேள்வியையும் முதலில் இவர்களிடம் கேளுங்கள். சாப்டர் உறுப்பினர்களிடம் கேட்டால், விதிப்படி அவர்கள் பதில் சொல்ல முடியாத கேள்விகள் பல.

எந்த வீடும் கிடைக்கவில்லை என்றால்?

கதை முடிந்துவிடாது. கல்லூரி ஒவ்வொரு சாப்டருக்கும் மொத்த உறுப்பினர் எண்ணிக்கை ஒன்றை வகுத்திருக்கும். அது 150 என்று வைத்துக்கொண்டால், 138 பேர் உள்ள சாப்டர் அந்த 12 இடங்களை ரஷ் முடிந்தபிறகும் நேரடியாக அழைத்து நிரப்பலாம். இதில் சுற்றுகள் இல்லை, பாட்டு இல்லை; காபிக் கடையில் இரண்டு முறை சந்தித்துப் பேசியே பலர் சேர்கிறார்கள். நிதானமாக ஆளைப் பார்த்துச் சேர்வதற்கு ரஷ்ஷைவிட இதுதான் நல்ல வழி என்பது எங்கள் கட்சி.

சேர்ந்தபின் முதல் இரண்டு மாதம் எப்படிப் போகும்?

அழைப்புக் கிடைக்கும் ‘பிட் டே’ அன்று ஓட்டம், கட்டிப்பிடிப்பு, டி-ஷர்ட். அதற்கு மறுவாரத்திலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் வாராந்திர வகுப்பு: அமைப்பின் வரலாறு, விதிகள், கட்டணம், மது பற்றிய பாதுகாப்புப் பயிற்சி. இந்தக் காலத்தில் அவர் ‘புதிய உறுப்பினர்’. ஓட்டு, முழு உரிமை எல்லாம் இனிஷியேஷன் எனும் சேர்ப்புச் சடங்குக்குப் பிறகுதான். சடங்கு இரகசியம், பெற்றோருக்கும் அனுமதி இல்லை. பெரும்பாலும் வெள்ளை உடை என்பது மட்டும் ஊரறிந்த இரகசியம். இதில் பயப்பட ஒன்றுமில்லை. நீளமாக இருக்கும், கால் வலிக்கும்.

நடுவில் ‘பிக்-லிட்டில்’ வாரம் வரும். ஒவ்வொரு புதியவருக்கும் ஓர் அக்கா. இரு தரப்பும் விருப்பப் பட்டியல் கொடுக்க, ஒரு குழு பொருத்தும். நான்கைந்து நாள் அக்கா யாரென்று சொல்லாமலே பரிசுக் கூடை வரும், பிறகு வெளிப்படுத்தும் விழா. அக்காவின் அக்கா ‘கிராண்ட் பிக்’. இப்படியே மேலே போனால் ஒரு வம்சாவளி. பரிசுக்கு உச்சவரம்பு வைக்காத சாப்டரில் அக்கா தன் சேமிப்பைக் காலி செய்துவிட்டு நிற்பார். 50 டாலர் என்றோ 75 டாலர் என்றோ ஒரு வரம்பை ஓட்டெடுத்து வைத்துவிடுவது நல்லது.

ராகிங் உண்டா?

தடை இருக்கிறது, நடக்கவும் செய்கிறது. பெரும்பாலான மாநிலங்களில் சட்டப்படி குற்றம். 2024 டிசம்பரில் கையெழுத்தான மத்தியச் சட்டம், கல்லூரிகள் ராகிங் சம்பவங்களை ஆண்டுப் பாதுகாப்பு அறிக்கையில் சேர்க்க வேண்டும், எந்த அமைப்பு விதி மீறியது என்ற அறிக்கையையும் பொதுவில் வெளியிட வேண்டும் என்கிறது. சேரும் முன் கல்லூரி இணையதளத்தில் அந்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள்.

அடி உதை மட்டும் ராகிங் ஆகாது. புதியவர்கள் மட்டும் இரவு இரண்டு மணிக்குக் கார் ஓட்டி மூத்தவர்களை வீட்டில் விட வேண்டும் என்பதும், தூங்க விடாததும், ‘எங்கே போகிறோம் என்று கேட்காதே’ என்று கண்ணைக் கட்டுவதும் அதில் அடங்கும். ஒரு சுலபமான சோதனை: இதே வேலையைத் தலைவியும் செய்வாளா? இதை அம்மாவிடம் ஃபோனில் சொல்ல முடியுமா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் அது ராகிங்.

எவ்வளவு செலவாகும்?

வீடில்லாத சிறு சாப்டரில் செமஸ்டருக்குச் சில நூறு டாலர். வீடு, சமையல்காரர், பெரிய வரவேற்பறை என்று இருக்கும் தெற்கத்திய சாப்டரில், அங்கே தங்காதவருக்கே செமஸ்டருக்குப் பல ஆயிரம். ‘அங்கே தங்காதவருக்கு எதற்கு?’ என்றால், வீட்டைப் பயன்படுத்தும் கட்டணம், வாரத்தில் சில வேளைச் சாப்பாடு, கட்டட நிதி. முதல் செமஸ்டர்தான் அதிகம் கடிக்கும். புதிய உறுப்பினர் கட்டணம், சேர்ப்புக் கட்டணம், சட்டையில் குத்தும் பேட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் வரும்.

பில்லில் வராதது வேறு இருக்கிறது. நிகழ்ச்சிக்கு ஒரு டி-ஷர்ட், ஒவ்வொன்றும் இருபது டாலர் சுமார், ஃபார்மல் எனும் நடன விருந்துக்கு உடை, அக்கா-தங்கைப் பரிசு, கட்டாய நிகழ்ச்சிக்கு வராவிட்டால் அபராதம். ரஷ்ஷில் பணம் பற்றிப் பேசக் கூடாது என்றாலும், கட்டண விவரத்தை எழுத்தில் கேட்க உரிமை இருக்கிறது. கேட்க வேண்டியவை இவை: முதல் ஆண்டு மொத்தம் எவ்வளவு, தவணை உண்டா, எந்தத் தேதிக்குப் பிறகு விலகினால் பணம் திரும்பாது, ஓராண்டாவது வீட்டில் தங்கியே ஆக வேண்டுமா. கடைசிக் கேள்வியைப் பலர் மறக்கிறார்கள். இரண்டாம் ஆண்டுக்கு வெளியே அபார்ட்மென்ட் ஒப்பந்தம் போட்டுவிட்டு, வீட்டில் தங்கும் ஒப்பந்தமும் கழுத்தில் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்து, இரண்டு வாடகை கட்டுகிறார்கள்.

பொருளாளருக்கு ஒரு குறிப்பு. தலைமையகம் கட்டணத்தையும் காப்பீட்டையும் தலைக்கு இவ்வளவு என்று, குறிப்பிட்ட நாளின் உறுப்பினர் பட்டியலை வைத்துக் கணக்கிடும். பட்டம் பெற்றுப் போனவர், விலகியவர், வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிப்பவர் ஆகியோரின் நிலையை அந்த நாளுக்கு முன் மாற்றாவிட்டால், இல்லாத ஆளுக்கும் சாப்டர் பணம் கட்டும். பத்துப் பெயர் விட்டுப்போனாலே ஒரு நிகழ்ச்சியின் பட்ஜெட் காலி.

வாராந்திரக் கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள்?

ஞாயிறு அல்லது திங்கள் மாலை, ஒரு மணி நேரம். வருகைப் பதிவு, கோரம் (ஓட்டுக்குத் தேவையான குறைந்தபட்ச வருகை) பார்ப்பது, நிர்வாகிகள் அறிக்கை, பழைய விஷயம், புதிய விஷயம், அறிவிப்பு. 1876-ல் முதலில் வெளிவந்த ராபர்ட் விதிமுறைப்படி தீர்மானம் முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர். டி-ஷர்ட்டின் நிறத்துக்கும் இதே நடைமுறைதான். ரோஜா நிறமா லாவெண்டரா என்று அரை மணி நேரம் போகும். அதைத் தடுக்க அனுபவமுள்ள தலைவி, சிறு விஷயங்களைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, முடிவை மட்டும் கூட்டத்தில் வாசிப்பார். கைதட்டுவதற்குப் பதில் விரல் சொடுக்குவார்கள். முதல் நாள் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும், மூன்றாம் வாரம் தானும் சொடுக்குவார்.

வீட்டில் வாழ்க்கை எப்படி? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

150 பேரில் 50, 60 பேர் தங்குவார்கள். ‘ஹவுஸ் மாம்’ என்று அழைக்கப்படும் விடுதிக் காப்பாளர் உடன் இருப்பார். மதிய, இரவு உணவு திங்கள் முதல் வெள்ளி வரை சமையலறையிலிருந்து. வார இறுதியில் சொந்த ஏற்பாடு. ஆய்வகம் முடிந்து தாமதமாக வருபவர் காலையிலேயே ‘லேட் பிளேட்’ பட்டியலில் பெயர் எழுதினால் தட்டு மூடி வைக்கப்பட்டிருக்கும். பெயர் எழுதாமல் வந்து எதிர்பார்க்கக் கூடாது.

சைவம் கிடைக்கும். ஆனால் வாய்மொழியாகச் சொன்னால் நிற்காது. வீட்டு ஒப்பந்தம் போடும்போதே எழுத்தில் கொடுங்கள். முட்டை சேர்க்கலாமா, மீன் சேர்க்கலாமா என்று பிரித்துச் சொல்லுங்கள். தெற்கே பீன்ஸையும் கீரையையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. சமையல்காரரிடம் நேரே கேட்பதே நல்லது. அறையில் ரைஸ் குக்கர் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். தீ பாதுகாப்பு விதிப்படி சூடாக்கும் சாதனங்களுக்குப் பெரும்பாலும் தடை, ஆய்வின்போது எடுத்துப்போய்விடுவார்கள்.

ஆறு பெண்களுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தால் விபச்சார விடுதி என்று சட்டம் இருக்கிறதாமே?

கிடையாது. ஊர் ஊராகச் சுற்றும் கட்டுக்கதை. பல கல்லூரிகளில் சொராரிட்டிகளுக்கு வீடில்லாததற்குக் காரணம் நிலத்தின் விலை, நகராட்சி மண்டல விதி, கல்லூரியின் கொள்கை இவைதான்.

ஹோம்கமிங் அலங்காரம் என்று மாதக்கணக்கில் காகிதம் திணிக்கிறார்களே, ஏன்?

அக்டோபர் வாக்கில் முன்னாள் மாணவர்கள் கால்பந்துப் போட்டிக்குத் திரும்பும் வாரம் ஹோம்கமிங். மத்திய மேற்கிலும் தெற்கிலும் ஒரு சொராரிட்டியும் ஒரு ஃபிரட்டர்னிட்டியும் ஜோடி சேர்ந்து ஊர்தியோ வீட்டு முகப்பு அலங்காரமோ செய்யும். அந்த வேலைக்குப் ‘பாம்பிங்’ என்று பெயர். மரச்சட்டத்தில் கோழிக்கூண்டு வலையை அறைந்து, ஒவ்வொரு கண்ணிலும் ஐந்து அங்குலச் சதுர டிஷ்யூ தாளை நடுவில் விரலால் குத்திச் செருகி, ஓரங்களைப் பூப்போல வெளியே விரிப்பது.

கணக்கைப் பாருங்கள். ஒரு அங்குலக் கண் வலையில் சதுர அடிக்குச் சுமார் 150 கண்கள். எட்டுக்கு எட்டு அடிப் பலகை என்றால் 64 சதுர அடி, பத்தாயிரத்தை ஒட்டிய தாள்கள். ஒருத்தி மணிக்கு 250 செருகினால், ஒரு பலகைக்கு 40 மணி நேர உழைப்பு. பத்துப் பலகைக்கு 400. கூட்ட அறையில் வகுப்புப் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டே செருகும் பெண்களைப் பார்ப்பீர்கள். புள்ளி முறையில் ஆளுக்கு இத்தனை மணி என்று எழுதி வைத்திருப்பார்கள்.

கெடுவது எங்கே? வலையை இழுத்துக் கட்டாமல் தளர்வாக அடித்தால், பலகையைத் தூக்கியதும் தாள்கள் உதிரும். ஒரே நிறத்தை இரண்டு தடவை வாங்கினால் சாயம் ஒத்துப்போகாது, சிவப்புச் சட்டைக்கு நடுவில் கோடு தெரியும். மொத்தமாக ஒரே தடவை, பதினைந்து சதவீதம் கூடுதலாக வாங்க வேண்டும். மழை பட்டால் சாயம் வழிந்து வெள்ளைத் தாளெல்லாம் ரோஜா நிறமாகிவிடும். ஒவ்வொரு பலகைக்கும் பிளாஸ்டிக் உறையைத் தயாராக வைத்திருங்கள். தீத்தடுப்பு பூசிய தாள்தான் வேண்டும் என்று கல்லூரி கேட்கலாம், முன்பே விசாரியுங்கள். வலையின் வெட்டு முனை கையைக் கிழிக்கும். விளிம்பு முழுக்கத் துணி டேப் ஒட்டிவிட்டுத்தான் முதல் தாளைச் செருக வேண்டும்.

தொண்டுப் பணி என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

ஒவ்வொரு அமைப்புக்கும் ஒரு நிலையான நோக்கம். டிரை டெல்டாவுக்குக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவமனையான செயின்ட் ஜூட்; ஜீட்டா டாவ் ஆல்ஃபாவுக்கு மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு; டெல்டா காமாவுக்குப் பார்வைப் பணி; ஆல்ஃபா ஃபைக்குப் பெண்களின் இதய நலம். பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ‘தான்’ (THON) எனும் நடன மாரத்தானில் 46 மணி நேரம் உட்காராமல் நின்று குழந்தைப் புற்றுநோய்க்கு நிதி திரட்டுகிறார்கள்.

சாதாரண சாப்டருக்கு எளிதான வழி, இரவு பத்து மணிக்குப் பான்கேக் விற்பது. தோல்வி எங்கே வரும் என்றால் மின்சாரத்தில். ஒரு மின் தோசைக்கல் 1500 வாட். 120 வோல்ட்டில் பன்னிரண்டரை ஆம்பியர். 15 அல்லது 20 ஆம்பியர் சுற்றில் ஒன்றுதான் தாங்கும். நான்கை ஒரே சுவர்ப் பிளக்குகளில் சொருகினால், வரிசை வாசல் தாண்டி நிற்கும் நேரத்தில் சமையலறை இருளும். எந்தப் பிளக் எந்தச் சுற்று என்று முந்தின நாளே பார்த்து டேப் ஒட்டி எழுதுங்கள். உணவு விற்கக் கல்லூரி அனுமதி இரண்டு மூன்று வாரம் முன்பே வாங்க வேண்டும். பணத்தை யாருடைய சொந்த வென்மோ (பணம் அனுப்பும் செயலி) கணக்கிலும் வாங்காதீர்கள். நேர்மை பற்றிய சந்தேகம் இல்லை. வருமான வரி, தணிக்கை இரண்டிலும் மாட்டிக்கொள்வது அந்தப் பெண்தான்.

பார்ட்டிகளில் குடி இருக்குமா?

சொராரிட்டி வீட்டுக்குள் மது கூடாது என்பது பான்ஹெலெனிக் அமைப்புகளில் பொது விதி. ஃபார்மல் போன்றவை மது உரிமமும் காப்பீடும் உள்ள வெளி அரங்கில் நடக்கும். விருந்தினர் பட்டியல் முன்கூட்டியே மூடப்படும், 21 வயது ஆனவருக்கு மட்டும் கைப்பட்டை, போகவும் வரவும் பேருந்து. குடிக்காமல் கண்காணிக்க உறுப்பினர்களை முறை வைத்து நியமிப்பார்கள். சாப்டர் பணத்தில் மது வாங்கக் கூடாது. ‘தனித்தனியாகக் காசு போட்டு வாங்கினோம்’ என்பதும் விசாரணையில் அதே மீறலாகத்தான் போகும்.

யாராவது மயங்கினால் முதலில் 911, அப்புறம்தான் ஆலோசகர். பல மாநிலங்களில் உதவி கேட்டவரைக் குடி தொடர்பான தண்டனையிலிருந்து காக்கும் சட்டம் இருக்கிறது. சாப்டருக்குக் கெட்ட பெயர் வருமே என்று யோசித்த அரை மணி நேரம்தான் உயிரை எடுக்கும்.

அதோடு, சமூக ஊடகத்தில் சிவப்புக் கோப்பையோடு படம் போடக் கூடாது. உள்ளே தண்ணீர் இருந்தாலும் ஒழுங்குக் குழு கூப்பிடும்.

தேர்தல் எப்போது? எந்தப் பதவி கடினம்?

நவம்பரில். விண்ணப்பம், நேர்காணல், பரிந்துரைக் குழுவின் பட்டியல், ஓட்டு. தலைவி பதவிக்குப் போட்டி இருக்கும். உறுப்பினர் சேர்க்கை, பொருளாளர், இடர் மேலாண்மை மூன்றும்தான் தூக்கம் கெடுப்பவை; வாரத்துக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் பொறுப்பு மாற்றம். வங்கிக் கையெழுத்து, கடவுச்சொற்கள், அரங்க ஒப்பந்தம், செயலியின் நிர்வாக உரிமை: இந்த நான்கையும் விடுமுறைக்கு முன் மாற்றாவிட்டால், ஜனவரியில் பழைய பொருளாளர் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருப்பார், வங்கி அவரை நேரில் வரச் சொல்லும்.

கறுப்பின, தெற்காசிய சொராரிட்டிகளும் இப்படித்தானா?

இல்லை. வரலாறும் நடைமுறையும் வேறு. ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1908-ல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது; டெல்டா சிக்மா தீட்டா 1913-ல் அங்கேயே. வெள்ளையர் அமைப்புகள் கதவடைத்த காலம் அது. அலபாமா பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவிகள் ஒதுக்கப்படுவதை மாணவர் பத்திரிகை 2013-ல் அம்பலப்படுத்திய பிறகே அந்தத் தடை பரவலாக உடைந்தது. கறுப்பின அமைப்புகளில் ரஷ் கிடையாது. நல்ல மதிப்பெண், சேவைப் பதிவு, தகவல் கூட்டம், விண்ணப்பம், நேர்காணல். சேர்ந்தபின் புதியவர்கள் வரிசையாக முகமூடியோடு வந்து அறிமுகமாகும் ‘புரோபேட்’ நிகழ்ச்சி. ‘நான் சேரப்போகிறேன்’ என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தால் வாய்ப்புக் கெடும். பட்டதாரிகளுக்கான சாப்டர்கள் இருப்பதால் நாற்பது வயதிலும் இயங்குவார்கள். மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்தில் வேர் உள்ள சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ், 1986-ல் ஹோவர்டில் ஆல்ஃபா காப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர். 2020-ல் அவர் துணை அதிபர் வேட்பாளரானதும் 19 டாலர் 8 சென்ட் என்ற விசித்திரத் தொகையில் நன்கொடைகள் குவிந்தன. 1908-ஐக் குறிக்கும் கணக்கு.

தெற்காசிய சொராரிட்டிகள் இளையவை. டெல்டா ஃபை ஒமேகா ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலும், காப்பா ஃபை காமா ஆஸ்டினிலும் 1998-ல் பிறந்தன. பல இடங்களில் உறுப்பினர்கள் ஒன்றிரண்டு டஜன்தான், வீடு இருக்காது, கட்டணம் குறைவு. ஆனால் 12 பேர் உள்ள சாப்டரில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பதவியில் இருப்பார்கள், ஒளிந்துகொள்ள இடமில்லை. நேரம் இல்லாதவருக்கு 150 பேர் சாப்டர்தான் வசதி.

விசாவில் படிப்பவர் சேரலாமா?

எஃப்-1 விசா இதற்குத் தடையில்லை. முழுநேர மாணவியாக இருந்தால் போதும். கட்டணம்தான் யோசிக்க வேண்டியது.

பிடிக்காவிட்டால் விலகலாமா?

எப்போது வேண்டுமானாலும். சேர்ப்புச் சடங்குக்கு முன் விலகினால், அடுத்த ஆண்டு வேறு சொராரிட்டியில் முயற்சி செய்யலாம். சடங்குக்குப் பிறகு விலகினால், மற்ற 25 பான்ஹெலெனிக் அமைப்புகளும் ஆயுளுக்கும் மூடப்பட்டவை. ஆகவே தயக்கம் இருந்தால் ஆறாவது வாரத்தில் பேசிவிடுங்கள், எட்டாவது வாரம் வரை தள்ளாதீர்கள். விலகல் கடிதம் எழுத்தில், தேதியோடு. பில் பாக்கி இருந்தால் வசூல் நிறுவனம் வரைக்கும் போகும்.

கோடையில் சாப்டர் மூடிவிடுமா?

வீடு மூடும், வேலை நிற்காது. ஏப்ரலில் கிரீக் வீக் (சொராரிட்டி, ஃபிரட்டர்னிட்டிகளின் கொண்டாட்ட வாரம்), ஃபார்மல், பட்டம் பெறும் மூத்தவர்களுக்கு விடைகொடுப்பு எல்லாம் முடிந்து மே மாதம் அறைகளைக் காலி செய்ததும், சேர்க்கைத் தலைவி உடைப் பட்டியலை அனுப்பத் தொடங்குவார்: முதல் நாளுக்கு எந்த நிறம், கடைசிச் சுற்றுக்குக் கறுப்பா வெள்ளையா என்று. ஜூலையில் விண்ணப்பங்கள் வந்துசேரும். 150 பேரும் ஆளுக்குப் பத்து முகம், பத்துப் பெயர் மனப்பாடம் செய்ய வேண்டும். ரஷ்ஷுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாரும் திரும்பி வந்து, காலை எட்டிலிருந்து இரவு வரை பாட்டு, பம்ப் ஒத்திகை. தொண்டை கட்டும் என்பதால் தேன், இஞ்சி மிட்டாய் மொத்தமாக வாங்கி வைப்பார்கள். இரண்டாவது நாளே தீர்ந்துபோகும், இரண்டு மடங்கு வாங்குங்கள்.